பதினாலு கதவுக்கு வெளியே நின்ற படலம்

வாழ்க அவன்! நான்கு மாடிக் கட்டடமாயினும் நாற்பது மாடிக் கோபுரமாயினும், இடைவழியில் நின்றுபோன இரும்புப் பெட்டியின் வயிற்றில் சிக்கி "யாராச்சும் இருக்கீங்களா" என்று அலறும் மானுடரை ஒற்றைத் திருகுச்சாவியால் மீட்டுத் தரைசேர்க்கும் லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் மணக்கும் விரலோன், கருஞ்சட்டை மார்பன், அச்சட்டையில் கடலுக்குள் இறங்கும் ஏணியொன்று அச்சிடப்பட்டிருக்க, துவைத்துத் துவைத்து அதன் படிகளில் பாதி அழிந்தபின்னும் மீதிப் படிகளில் நின்று உலகையே எதிர்த்த தனிமறவன், உற்றாராலும் மற்றாராலும் 'பதினாலு' என்று அழைக்கப்பெற்றோன். அவன் பட்ட பாட்டைச் சொல்லப் புகுந்தேன். ஸ்பீக்கர்களே, கரகரக்காமல் துணைநில்லுங்கள்! பக்கத்து வீட்டுக்காரரே, இன்றொரு நாள் சுவரைத் தட்டாமல் காத்தருளுங்கள்!

பதினாலு என்பது அவன் வயதன்று. பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணும் அன்று, அவனுடைய அக்கா வேறுவிதமாகச் சொல்லக்கூடுமாயினும். ஒரு பாட்டைத் தொடங்கினால் காய்ச்சிய பால் ஆறி ஆடைகட்டும்வரை முடிக்காத, முடித்ததுபோல் நடித்து மீண்டும் தொடங்குகின்ற, தாளத்தை எண்ணப் புகுந்தவன் விரல் போதாமல் பக்கத்தில் இருப்பவன் விரலைக் கடன் கேட்கின்ற ப்ரோக்ரெஸிவ் ராக் என்னும் பெருங்காட்டில் ஐம்பதாண்டுக் காலமாக உலவிவரும் கிழச்சிங்கங்கள் ஐவர் உண்டு. அவ்வைவரின் பதினான்காம் ஆல்பத்தைத்தான் நம் வீரன் தன் நெஞ்சில் வைத்துப் பூட்டிச் சாவியை விழுங்கியிருந்தான். கழிவுவிலைப் பெட்டியில், அட்டையில் ஏணி இருந்த ஒரே காரணத்துக்காக, தொழிற்பாசத்தால் வாங்கியது அது. அன்றிரவே அடிமையானான். வேறெந்த ஆல்பத்தையும் அவன் அப்போது கேட்டிருக்கவில்லை. அதுதான் வினை.

ஏனெனில் அக்குழுவின் அடியார்களுள் மூத்தோர் ஒரு மறை வகுத்திருந்தனர். முதல் ஆறு ஆல்பங்களே அமுதம். ஆறாவதன் பின் கீபோர்டு வாசித்த மேதை தேனீ வளர்க்கப் போய்விட்டார். போகும்போது குழுவின் உயிரையும் கூட்டில் அடைத்துக் கொண்டுபோனார். எஞ்சியவை எல்லாம் சக்கை. பதினான்காவதோ சக்கையிலும் சக்கை. இம்மறையைக் காத்துநின்ற தலைமைப் பெருமகன் யாரெனில், நம் வீரனின் அக்காளை மணந்த அத்தான். பற்குழி தூர்ப்பதில் வல்ல பல் டாக்டர். வாய் திறந்து கிடப்போரிடமே வாதிட்டுப் பழகியதால் எதிர்வாதம் என்பதையே அறியாதவர்.

ஞாயிறுதோறும் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதும், அத்தானின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறை அடியார்களின் அவையாக மாறும். கடைவாய்ப்பல்லின் குறுக்குவெட்டுப் படத்தின்கீழ் மூவர் அமரும் சோபா ஒன்று உண்டு. அதற்கு எதிரே, அழும் பிள்ளைகளை அமர்த்த வாங்கிய நீலநிறப் பிளாஸ்டிக் யானை ஒன்றும் உண்டு. சோபாவில் மூத்தோர். யானைமேல் நம் வீரன். முழங்கால் இரண்டும் காதைத் தொட, தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு, அவன் ஈராண்டாக அங்கே வீற்றிருந்தான். அவையின் சட்டம் அப்படி: தனக்குரிய ஆல்பத்தின் பாட்டை மேடையில் நேரிற் கேட்டவனுக்கே சோபா. பதினான்காவதையோ அந்த ஐவர் எந்த மேடையிலும் தொட்டதில்லை. அவர்களுக்கே பிடிக்கவில்லை என்று மூத்தோர் கூறுவர்.

"மச்சான், ஆறோட கதை முடிஞ்சுது. அப்புறம் வந்ததெல்லாம் பல்லு செட்டு. பாக்க பல்லு மாதிரி இருக்கும், கடிக்கத்தான் முடியாது" என்பார் அத்தான்.

"கடிக்கலாம்னு சொல்லித்தானே அத்தான் நீங்க விக்கிறீங்க?" என்பான் யானைமேல் இருந்து வீரன்.

சோபா சிரிக்கும். ஆனால் நகராது.

இங்ஙனம் போர் நிலைத்திருந்த காலத்தில் வந்தது செய்தி: ஐவரும் ஓய்வுபெறப் போகின்றனர், அதற்குமுன் ஊர் ஊராக விடைபெறுகின்றனர், நம் நகரின் பெருமண்டபத்திலும் ஒரு மாலை. இனி ஒரு மேடை இல்லை. அன்று கேட்டால் சோபா. கேளாவிட்டால் ஆயுள் முழுதும் யானை. சோபாகூடப் போகட்டும்; தன்னைத் தூங்கவிடாமல் செய்த அந்த 'கடலுக்குள் ஏணி' என்னும் நெடும்பாட்டை அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்களா இல்லையா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். டிக்கெட் மூன்று வாங்கப்பட்டது: அத்தானுக்கொன்று, வீரனுக்கொன்று, வாதிடும்போது இருவரும் சாலையைப் பார்ப்பதில்லை என்பதால் கார் ஓட்டுவதற்கென்று அக்காளுக்கொன்று.

மண்டப வாயிலில் நேர்ந்தது முதற் சூழ்ச்சி. "என்ன குடிக்கிற மச்சான்? பெருசாவே வாங்கிக்க, என் செலவு" என்றார் அத்தான். வாளி என்று சொல்லத்தக்கதொரு கோப்பை நுரைததும்ப வந்தது. கோடைவெயிலில் வெந்த வீரன் அதை ஒரே மூச்சில் உறிஞ்சி, அடியில் கிடந்த ஐஸ்கட்டிகளையும் கடித்துத் தின்றான். அது சூழ்ச்சியா அன்பா என்பதில் இன்றளவும் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர்.

விளக்கணைந்தது. ஐவர் தோன்றினர். மண்டபம் எழுந்து முழங்கியது. பாடகர் முடி இழந்திருந்தாலும் குரல் இழக்கவில்லை. கிடாரிஸ்ட் முக்காலியில் அமர்ந்தார், அமர்ந்ததற்கே ஒரு கைதட்டல் பெற்றார். முதலாம் ஆல்பம், மூன்றாம் ஆல்பம் என்று பழம்பெருமைகள் அணிவகுத்தன. ஒவ்வொன்று தொடங்கும்போதும் அத்தான் இருக்கையில் ஓர் அங்குலம் உயர்ந்தார். வீரனோ ஓரங்குலம் சுருங்கினான். ஏனெனில் இரண்டாம் முற்றுகை அவனுக்குள்ளேயே தொடங்கியிருந்தது. நுரைவாளி தன் படைகளைத் திரட்டிக்கொண்டு கீழ்க்கோட்டை வாயிலில் வந்து நின்று முரசறைந்தது. முழங்காலை முழங்காலோடு பூட்டினான். பல்லைப் பல்லோடு நெரித்தான். அந்நேரம் பார்த்து அந்த ஐவர் ஐந்தாம் ஆல்பத்தின் 'மழைநாட்டு ஆறுகள்' என்னும் பெரும்பாட்டை எடுத்தனர். அதில் முதலில் தூறும். பிறகு பெய்யும். ஓடைகள் சலசலக்கும், அருவி விழும், அணை ஒன்று நிரம்பி நிரம்பி நிரம்பி நிற்கும். ஸ்பீக்கர் எல்லாம் நீராய் ஒழுக, ஒரு திசைக்கு ஒன்றாக நாற்புறமும் வெள்ளம் சூழ, நடுவே ஒரு துளியும் சிந்தாமல் வீற்றிருந்த அவன் பொறுமைக்கு எந்த அணைக்கட்டுப் பொறியாளரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்.

"டேய், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? போயிட்டு வந்துடேன்" என்றாள் காதில் பஞ்சு வைத்திருந்த அக்கா.

"போக மாட்டான். போற நேரம் பாத்து அவன் பாட்டு வந்துடுமாம்!" என்றார் அத்தான். "தைரியமா போடா. வந்தா நான் பல்லு பிடுங்கறத விட்டுடறேன்."

வீரன் போகவில்லை. ஆனால் போர்க்கலை அறிந்தவன் அவன். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. இவ்வகைக் கச்சேரிகளில் டிரம்ஸ்காரருக்கென்று ஒரு தனி உண்டு. மற்ற நால்வரும் உள்ளே போய்விட, அவர் ஒருவரே இடியும் மின்னலுமாக ஒரு யுகம் வாசிப்பார். அரங்கில் பாதி பேர் எழுந்து போய், செய்ய வேண்டியதைச் செய்து, முகம் கழுவி, வீட்டுக்குப் போன் பேசி, தின்பண்டமும் வாங்கித் திரும்பினாலும் அவர் வாசித்துக்கொண்டுதான் இருப்பார். இது தொன்றுதொட்ட வழக்கம். இதோ, நால்வர் நகர்ந்தனர். கோல்கள் உயர்ந்தன. வீரன் எழுந்தான், வில்லிலிருந்து விடுபட்டான், கால்களை மிதித்தான், பைகளை மிதித்தான், ஒரு தொப்பியை மிதித்தான், கதவைத் தாண்டினான்.

அந்தோ! டிரம்ஸ்காரருக்கு எழுபது வயதாகிவிட்டது என்பதையும், அவருக்குத் தோள்வலி என்பதையும் அவன் கணக்கில் கொள்ளவில்லை. இடி ஒன்று, மின்னல் ஒன்று, ஒரு கும்பிடு, அவ்வளவுதான் தனி. வீரன் வெண்பீங்கான் முன் நின்று, மீளமுடியாத அந்தச் செயலைத் தொடங்கிய அதே கணத்தில், சுவரைத் துளைத்து வந்தது ஓர் ஒலி. கப்பல்மணி! டங்... டங்... டங். மூன்று முறை. 'கடலுக்குள் ஏணி'யின் முதல் மணி!

அவன் அலறிய அலறலில் வரிசையில் நின்றோர் அனைவரும் தத்தம் கடமை மறந்தனர். நிறுத்தவும் முடியவில்லை, விரைவுபடுத்தவும் முடியவில்லை. வாளி பெரிது. வெற்றி தன்னை வாசலில் நின்று பெயர்சொல்லி அழைக்க, சொந்த உடலாலேயே சிறைபிடிக்கப்பட்டு நின்றவன் உலக வரலாற்றில் அவன் ஒருவனே.

ஒருவழியாக விடுபட்டு, கை கழுவி (கழுவினான், அவன் எதிரிகளும் இதை மறுப்பதில்லை) கதவை நோக்கிப் பாய்ந்தான். கதவில் முதுகு சாய்த்து, கையில் டார்ச்சுடன், சாம்பல்நிறச் சீருடையில் நின்றார் வாயில்காக்கும் அம்மையார்.

"பாட்டு நடக்கறப்ப உள்ள விடக் கூடாது சார். முடிஞ்சதும் விடுறேன்."

"முடிஞ்சப்புறம் போய் நான் என்னங்க பண்றது?"

"அடுத்த பாட்டு கேளுங்க."

அவ்வேளை உள்ளிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் உருவம் வெளியே தெறித்தது. அத்தான்! மூச்சு வாங்க, கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்க, "டேய் மச்சான்! உன் பாட்டுடா! உன் பாட்டு! எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று தாழ்வாரம் அதிரக் கூவினார். அவர் பின்னால் கதவு மெல்ல வந்து பொருந்தியது. அம்மையார் மீண்டும் முதுகு சாய்த்தார்.

"நீங்க எதுக்கு அத்தான் வெளில வந்தீங்க?"

"உன்னைக் கூப்பிடத்தான்!"

இருவரும் கதவைப் பார்த்தனர். கதவு அவர்களைப் பார்த்தது. பிறகு வேறு வழியின்றி ஆளுக்கொரு பக்கம் கதவில் காது வைத்தனர்.

உள்ளே ஏணி இறங்கிக்கொண்டிருந்தது. படிப்படியாக, நீலத்திலிருந்து கருநீலத்துக்கு, மரப்பலகை வழியே கேட்டபோதும் உடல் சிலிர்த்தது. ஏறி, உச்சியில் மோதி, சட்டென்று அடங்கியது. அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அம்மையார் கதவை அகலத் திறந்து, "முடிஞ்சுது சார், சீக்கிரம் போங்க" என்றார்.

கேளீர்! திறந்த கதவு. அதற்கப்பால் மேடை. மேடைமேல் ஐவர். ஓரடி வைத்தால் சோபா. அந்நிலையில், அறிவு என்னும் பெருஞ்சாபம் பிடித்த அவ்வீரன் வாய்திறந்து உரைத்தது இது:

"இல்லீங்க, இன்னும் முடியல. பாதி பேரு தெரியாம தட்டுறாங்க. இப்ப மறுபடி மணி அடிக்கும், கேளுங்க."

டங்.

"நல்ல வேளை சொன்னீங்க" என்று அம்மையார் கதவைச் சாத்தினார்.

"அடப்பாவி!" என்று தலையில் கைவைத்தார் அத்தான். "வாய மூடிக்கிட்டு உள்ள போயிருக்கலாம்லடா!"

"தப்பா சொன்னா எப்படி அத்தான் சும்மா இருக்கிறது?"

மீண்டும் ஏறியது பாட்டு. மீண்டும் அடங்கியது. மீண்டும் கைதட்டல். இம்முறை அம்மையார் கதவைத் திறக்கவில்லை, துறைபோகிய வல்லுநரை நாடுவதுபோல வீரனை நாடி, "சார், இது?" என்றார். ஒருபுறம் ஆசை இழுத்தது. மறுபுறம் உண்மை இழுத்தது. நடுவில் நின்ற நெஞ்சம் வடம்போல் முறுக்கேறி விம்மியது. ஓராயிரம் ஆல்பம் கேட்ட பேரரசர்களும் வழுக்கி விழும் அந்த இடத்தில் அவன் கண்மூடி, தலையசைத்து, "...இல்ல" என்றான். டங் என்றது மணி.

மூன்றாம் முறை அடங்கியபோது அவன் கண்ணை இறுக மூடிக் கதவோடு காதை இன்னும் அழுத்திக்கொண்டான். அம்மையார் தாமே முடிவெடுத்துக் கைப்பிடியைத் தொட்டார். அப்போது எழுந்தது ஒரு குரல்:

"இல்லம்மா, இருங்க. இன்னும் ஒரு சுத்து இருக்கு."

சொன்னவர் அத்தான்.

வீரன் கதவிலிருந்து காதை எடுத்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பல்மருத்துவர்களுள் பெருந்தகையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "கிளினிக்ல போடுவேன்டா. ஊசி போட்டா மரத்துப்போக நேரம் ஆகுமில்ல? அதுக்கு இந்தப் பாட்டு சரியா இருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"நீ அந்த யானைமேல உக்காந்து கத்த ஆரம்பிச்சதுல இருந்து."

டங். நான்காம் முறை ஏணி இறங்கியது. இருவரும் மறுபடியும் கதவில் காது வைத்தனர். கடைசிப் படியில் ஐவரும் ஒரே சுரத்தில் நின்று, அது தேய்ந்து தேய்ந்து இல்லாமற்போனது. இருவரும் ஒரே நேரத்தில் அம்மையாரைப் பார்த்துத் தலையசைத்தனர். கதவு திறந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஐவர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தனர். அடுத்த பாட்டு இல்லை.

அக்கா காதிலிருந்து எடுத்த பஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "கடைசிப் பாட்டு நல்லா இருந்துச்சுடா. மணிய கேட்டு, பஞ்ச எடுத்துட்டே கேட்டேன். அவருதான் என்னமோ பதறியடிச்சு எந்திரிச்சு ஓடினாரு. ரெண்டு பேரும் எங்க போனீங்க?"

ஆக, அக்குலத்தில் சோபாவுக்குத் தகுதிபெற்றவள் அவள் ஒருத்தியே ஆனாள். வீரனின் நிலையோ சட்டச்சிக்கலில் வீழ்ந்தது. 'நேரில் கேட்டவன்' என்கிறது அவைச்சட்டம். கதவில் காது வைத்துக் கேட்பது நேரா, குறுக்கா? இடையில் இருந்த மரம் எத்தனை விரற்கடை? மூத்தோர் நாவைத் தீட்டினர். வீரனும் கண்ட சாட்சி ஒருவர், சீருடைச் சாட்சி ஒருவர் எனத் தன் வாதங்களை வாள்போல் அடுக்கி, ஞாயிறு மாலை, இறுதி நோயாளி இறங்கிய படிகளில் இடிமுழங்க ஏறி, கதவை உதைத்துத் திறந்து, கடைவாய்ப்பல்லின் படத்தின்கீழ் மார்பு விரித்து நின்று, விண்ணும் மண்ணும் செவிசாய்க்க வாயெடுத்தான்.

அத்தான் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.