எட்டடியார் மாற்றிய திரை

சேர்வராயன் மலை ஏறி வந்த கம்ப்யூட்டர்களில் எட்டடியாரிடம் திட்டு வாங்காதது ஒன்றுகூடக் கிடையாது.

மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருவார். ஏற்காட்டு லாட்ஜுகளில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவர்தான் வைத்தியர். வேலை முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். திரையைப் பார்த்தபடியே எட்டடி பின்னால் நடப்பார். அங்கிருந்து எழுத்து தெரிந்தால்தான் தன் பையை மூடுவார். பின்னால் சுவர் இருக்கிறதா, சாம்பார் வாளி இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒருமுறை எங்கள் லாட்ஜ் வாசலையும் தாண்டிப் போய் நின்று, "இங்கிருந்து ஒண்ணுமே தெரியலீங்க" என்று புகார் சொன்னார். இருந்த பனியில் எங்களுக்கு அவரையே தெரியவில்லை.

அந்த லாட்ஜில் அறைச் சாவி கொடுக்கும் வேலை என்னுடையது. நோட்டில் எழுதியவரை கவலையில்லை. கம்ப்யூட்டர் வந்தது. வெள்ளைத் திரையில் சாம்பல் நிறத்தில் கடுகு கடுகாய் எழுத்து. என் கண்ணோ மங்கிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் கண்ணாடியால் ஆகாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. எந்தக் கட்டம் எந்த அறை என்று இடத்தை மனப்பாடம் செய்து ஓட்டினேன்.

ஒருநாள் காலையில் கட்டங்கள் எல்லாம் தாமாகவே இடம் மாறியிருந்தன. தேனிலவுக்கு வந்தவர்களின் அறைச் சாவியைப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்திடம் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, துணி மடிக்கற பக்கம் போயிரும்மா" என்றார் முதலாளி.

அடுத்த வாரம் எட்டடியார் பிரிண்டரைப் பார்க்க வந்தார். என் மூக்கு திரையில் ஒட்டியிருப்பதைக் கண்டார். பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். முதலில் திரையின் தலைப்பில் இருந்த அருவிப் படம் போனது. பிறகு ஓரத்துப் பூ வேலைப்பாடு போனது. கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது, ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரத்துக்கு. பச்சை, சிவப்புப் புள்ளிகள் இருந்த இடத்தில் 'காலி', 'ஆள் இருக்கு' என்றே எழுதினார்.

"கலரை நம்பாதீங்கம்மா. எழுத்தே சொல்லோணும்."

முதலாளி வந்தார். "என்னய்யா இது, பஸ் போர்டாட்ட?"

"பஸ் போர்டேதானுங்க. ஓடற பஸ்ஸுலயே படிக்கறாங்களே."

"இங்க யாருக்குய்யா கண்ணு தெரியலை?"

நான் சாவிக்கொத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். எட்டடியார் தலையை நிமிர்த்தவே இல்லை. "எனக்குத்தானுங்க. ரிப்பேர் பாக்கறவனுக்குத் தெரியோணுமில்லீங்க?"

சொன்னதோடு நிற்காமல் முதலாளியின் தோளைப் பிடித்து எட்டடி பின்னால் இழுத்துப் போனார். முதலாளி கண்ணாடி போட்டு யாரும் பார்த்ததில்லை. அது மேசை டிராயரில் இருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"படிங்க" என்றார் எட்டடியார்.

"ஏழு, காலி. எட்டு, ஆள் இருக்கு..." முதலாளி பள்ளிக்கூடப் பையன் போலச் சத்தமாகப் படித்தார். பதினாலாம் அறை வரை படித்து முடித்தவர், யாரும் சொல்லாமலே இன்னும் ஓரடி பின்னால் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு ஒரு சாவியும் மாறிப் போகவில்லை. பிரிண்டர் மட்டும் இன்றுவரை ஓடவில்லை.

எட்டடியாரின் சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம். திரையில் உள்ள போன் நம்பர் வரிசையில் 'எட்டடியார்' என்றுதான் வைத்திருக்கிறேன். அந்த ஒரு பெயரை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கி விட்டேன். அடுத்த முறை வாசலுக்கு வெளியே பனியில் போய் நின்றாலும் அவருக்குத் தெரிய வேண்டுமே.