முள்ளம்பன்றி தின்றது போக மீதித் துப்பாக்கி

பாட்டர் கவுண்ட்டி, பென்சில்வேனியா
ஞாயிற்றுக்கிழமை, 29 நவம்பர் 1987

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் லாய்ட் அவர்களுக்கு,

ஆரின் எழுதுவது. நானும் உங்கள் தங்கை வெர்னாவும் நலம். ஒஹாயோவில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறோம். உங்கள் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைக் கேட்டு மூன்று கடிதம் போட்டீர்கள். மூன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. கோபம் நியாயமானது. நல்ல செய்தியோடுதான் எழுதுவது என்று காத்திருந்தேன். துப்பாக்கி தயார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்துப்போய், நீங்கள் ஆசைப்பட்டபடி கணப்படுப்புக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம். முன்னைவிட அழகாக இருக்கிறது. அது ஏன் முன்னைவிட என்பதைத்தான் சொல்ல வருகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

செப்டம்பரில் வேட்டைக் குடிலைப் பெருக்கித் துடைக்கப் போனேன். 1921-இல் செய்த துப்பாக்கி, சேகரிப்பவர்கள் தேடி அலையும் ரகம். உங்களிடம் ஒப்படைக்கும் முன் குறி சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று உடன் கொண்டுபோனேன். குறி சரியாகவே இருந்தது. தாழ்வாரத்தில் சாய்த்துவைத்துவிட்டு அவரைக்கொட்டை வேகவைக்க உள்ளே போனவன், அடுப்புச் சூட்டில் அப்படியே தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால், தோளில் வைக்கும் பின்கட்டையில் பாதியைக் காணோம். முள்ளம்பன்றியின் வேலை. நாற்பது வருடம் உங்கள் அப்பாவின் கன்னமும் உள்ளங்கையும் பட்டு, வியர்வை உப்பு ஊறிய மரம் அல்லவா? உப்புத் தூவிய பிரெட்ஸல் முறுக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் உப்பை நக்கிவிட்டு மீதியை வைத்துவிடுவார்கள். முள்ளம்பன்றி எதையும் மீதி வைக்கிற பழக்கத்தில் வளரவில்லை. இரும்பை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தது.

வெர்னா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்ககிட்ட பையைப் பத்திரமா வைடான்னு சொன்ன மனுஷன் நீங்கதானே?” என்றாள். பிறகு, “அண்ணனுக்கு இப்ப எழுதாதீங்க. முதல்ல கட்டையைத் தேடுங்க” என்றாள்.

தேடினேன். தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தையில் ஒருவர், “அதே துப்பாக்கியோட கட்டைதான் வாத்தியாரே. பொருந்தலைன்னா கொண்டாந்து என் மூஞ்சியில விட்டெறிங்க” என்றார். வீட்டில் வைத்துப் பார்த்தால், இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே விரல் போகிறது. ஏழாம் வகுப்புக் கேள்வித்தாளுக்கு எட்டாம் வகுப்பு விடைத்தாள் மாதிரி: எழுத்தெல்லாம் அழகு, ஒன்றும் ஒட்டவில்லை. விட்டெறியலாம் என்று திரும்பப் போனேன். சந்தை கலைந்து மூஞ்சியும் போயிருந்தது. அடுத்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன். மெயின் மாநிலத்திலிருந்து ஒரு பெண்மணி, பழைய அசல் கட்டையே இருக்கிறது என்று பார்சலில் அனுப்பினார். அசல்தான். ஆனால் அவருடைய கணவர் அதில் நீளவாக்கில் துளை போட்டு, ஒயர் இழுத்து, கைப்பிடியில் சுவிட்ச் வைத்து மேசை விளக்காக்கியிருந்தார். விளக்கு நன்றாக எரிகிறது.

கடைசியில், மரத்தில் துப்பாக்கிக் கட்டை செதுக்கும் கிளெம் ரீட்ஸிடம் நானும் வெர்னாவும் போனோம். அவர் மிச்சத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “முள்ளம்பன்றி உங்களைவிடப் பொறுமையா வேலை பாத்திருக்கு வாத்தியாரே” என்றார். அசல் கட்டை போனால் சேகரிப்பவர்கள் மத்தியில் மதிப்புக் குறையும் என்று ஒளிக்காமல் சொன்னார். வால்நட் மரப் பலகை ஒன்றை எடுத்து ஈரத்துணியால் துடைத்தார். புகை சுருண்டு எழுவது போல உள்ளே கரும்பழுப்புக் கோடுகள் ஓடின. அதையே போடச் சொன்னேன்.

“சுடப்போறது யாரு? முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் அளக்கணும்.”

“சொந்தக்காரர் ஒஹாயோவில இருக்கார். இது அவர் தங்கச்சி. ஒரே அப்பா பிள்ளைங்க, கை நீளமும் ஒண்ணாத்தானே இருக்கும்?”

கிளெம் என்னைப் பார்த்தார். “கணக்கா சொல்லிக்கொடுத்தீங்க?”

“பூகோளம்.”

“அதான்” என்று அளவுநாடாவை எடுத்தார். வெர்னா கையை நீட்டினாள்.

ஆறு வாரம். ஆளிவிதை எண்ணெய் பன்னிரண்டு பூச்சு, அதில் நாலு நான் பூசியது. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் இப்போது தாள் நுழையாது. பார்த்தவர்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரத் தயங்குகிறார்கள். உங்கள் அப்பா இருந்திருந்தால் குறை கண்டுபிடிக்கச் சிரமப்பட்டிருப்பார். அவர் தரும் பாராட்டில் அதைவிடப் பெரியது கிடையாது. ஆகவே மனக்குறை எதுவும் வைக்காமல் வந்து, உங்கள் பொருளை உங்கள் கையால் எடுத்துப்போங்கள். உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
ஆரின் ஷெஃபர்

பின்குறிப்பு (திங்கள் மதியம்): தபாலில் போடுவதற்குள் வேறு விதமாகிவிட்டது. இன்று மான் வேட்டையின் முதல் நாள் அல்லவா? விடியுமுன் வெர்னா துப்பாக்கியை எடுத்தாள். “அண்ணனுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கட்டை எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வரேன்” என்றாள். எங்கள் குடிலில், குறி தவறினவர் சட்டையின் பின்வாலை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது வழக்கம். “கத்தரிக்கோல் தீட்டி வச்சிருக்கோம் வெர்னா அக்கா” என்று குடிலுக்கு வந்திருந்த ஆண்கள் வழியனுப்பினார்கள். ஏழரைக்கு ஒரே ஒரு சத்தம். கொம்பில் எட்டுக் கிளை உள்ள ஆண்மான். பதின்மூன்று வயதிலிருந்து அப்பாவோடு போய் அந்தத் துப்பாக்கியைச் சுமந்தவள் அவள்தான் என்பதும், நீங்கள் காட்டுக்குள் வந்ததே இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் ஆறடி இரண்டு அங்குலம், அவள் ஐந்தடி நாலு என்பதும்தான். புதுக் கட்டை உங்கள் கைக்குக் குட்டையாக இருக்கும், லாய்ட். மானைப் பார்க்கப் பக்கத்து மூன்று குடில்காரர்களும் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் கட்டையைத் தடவி, “யாரோட துப்பாக்கி அக்கா இது?” என்று கேட்டார். வெர்னா என்னைப் பார்த்துக்கொண்டே, “என்னோடது” என்றாள். முப்பத்தெட்டு வருடம் தப்பான விடைகளைத் திருத்தியவன் நான். இதை நான் திருத்தவில்லை.