பார்மசி படிக்கப்போகிறவர்

படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று இரண்டே இனம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. படிக்கப்போகிறவர்கள். கல்லூரி அலுவலக ஜன்னலுக்கு வெளியே, பிள்ளைக்கு இடம் கேட்டு வந்த தகப்பனைப் போல நிற்பார்கள். உள்ளே இருப்பவர் "பையன் எவ்வளவு மார்க்?" என்று கேட்டதும் லேசாக நெளிந்து, "பையனுக்கு இல்லைங்க, எனக்குத்தான்" என்பார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காதோரம் நரை எட்டிப் பார்க்கும். முகத்தில் மட்டும் பட்டம் வாங்கிவிட்ட களை. சேர்ந்துவிட்டார்களா? அதெப்படி? எந்த வழியில் சேர்ந்தால் நல்லது என்று முதலில் தெரிய வேண்டாமா?

நம்மவர் அந்த இனத்தில் முதல் தரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'விசாரணைக் கமிஷன்'. விசாரணை நடந்துகொண்டே இருக்கும், அறிக்கை மட்டும் வராது. அவசரத்துக்கு வெறும் 'கமிஷன்'.

ஆனால் ஒன்று. அவருடைய ஆசை பொய்யில்லை. கடைக்கு வருகிற பெரியவர் யாராவது, "தம்பி, இந்த மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா?" என்று கேட்பார். நம்மவருக்குத் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பார்மசிஸ்ட் அம்மாவிடம் போய்க் கேட்பார். அந்த அம்மா கூடாது என்று சொல்வதோடு விடமாட்டார். ஏன் கூடாது, ஒரு மருந்து வயிற்றுக்குள் இன்னொரு மருந்தை எப்படித் தடுக்கிறது என்றும் சொல்வார். அந்த 'ஏன்'தான் நம்மவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதையே நினைத்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிடுவார். பார்மசிப் பட்டம் படித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

ஒரே ஒரு இடைஞ்சல். பள்ளியில் அவர் படித்தது வணிகம். பட்டத்துக்கோ வேதியியல் வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. பள்ளி இறுதித் தேர்வை அறிவியல் பாடங்களோடு மறுபடி எழுதலாம். பெரியவர்களுக்கென்றே நடக்கும் ஒரு வருட ஆயத்தப் படிப்பில் சேரலாம். இல்லை, டிப்ளமா முடித்துவிட்டு நேராகப் பட்டத்தின் இரண்டாம் ஆண்டுக்குள் நுழையலாம்.

விசாரணை ஆரம்பமானது. மருந்துக் கம்பெனி விற்பனையாளரைக் கேட்டார், முடிதிருத்துபவரைக் கேட்டார், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரை நடைப்பயிற்சியில் மடக்கி அவர் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார், மச்சானின் அலுவலகத்தில் யாருடைய மருமகளோ பார்மசி படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு அவள் அழைப்பை எடுக்காமல் விடும்வரை கேட்டார். தேர்வு எழுதலாம் என்று ஒருவர் சொன்னால், "சின்னப் பசங்களோட உக்காந்து எழுதணுமே" என்பார். ஆயத்தப் படிப்பு என்றால், "அதை எல்லாக் காலேஜ்லயும் ஒத்துக்க மாட்டாங்களாமே." டிப்ளமாவா? "ரெண்டாம் வருஷத்துல சீட்டு ரொம்பக் கம்மிங்க." எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தார். "அடுத்த வருஷம் விதியை மாத்தப் போறாங்களாம். பொறுத்துப் பார்ப்போம்."

வீட்டில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மனைவி சொல்லிப் பார்த்தாள். "என்னங்க, ஏதாவது ஒண்ணுல சேருங்களேன்."

"தப்பான வழியில போயிட்டா வருஷம் வீணாப் போயிடும்."

"இப்ப மட்டும் என்ன, வருஷம் உங்களோட உக்காந்து டீ குடிச்சிட்டா இருக்கு?"

அவர் கோபித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்கு அடுத்த பேக்கரியில் ரொட்டி அடுக்கும் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, எனக்கும் பார்மசி படிக்கணும்னு ஆசை. உங்களுக்கு எல்லாம் தெரியுமாமே?"

நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைக் கேட்பதற்கும் உலகத்தில் ஓர் ஆள்! சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் மூன்று வழிகளையும் பிட்டுப் பிட்டு வைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "இதுல எது அண்ணா நம்ம பஸ் போற வழியில இருக்கு?"

"தங்கச்சி, நான் எதிர்காலத்தைப் பத்திப் பேசுறேன். நீ பஸ்ஸைப் பத்திப் பேசுற!"

"பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வீடு திரும்பணுமே அண்ணா."

ஆயத்தப் படிப்பு நடக்கும் கட்டடம் பேருந்துப் பாதையில் இருந்தது. மறுவாரமே சேர்ந்துவிட்டாள். நம்மவர் அவளுக்காக மனதார வருத்தப்பட்டார். விதி மாறப்போகும் நேரத்தில் இப்படி அவசரப்பட்டுவிட்டாளே!

விதி மாறவில்லை. அவள் ஆயத்தப் படிப்பை முடித்தாள், பட்டப்படிப்பில் சேர்ந்தாள், பிறகு ஒரு நாள் பயிற்சிக்காக அதே மருந்துக்கடைக்கு வெள்ளைக் கோட்டுடன் வந்து நின்றாள். "நல்லாயிருக்கீங்களா அண்ணா?" என்று வாஞ்சையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். பார்மசிஸ்ட் அம்மா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மத்தியானம் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூட வேலை செய்பவர்கள் பயந்தே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு வழி தெரியாம இல்ல," என்றார். "ஆரம்பத்துலயே வேதியியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கமே புரியல. அதுக்கப்புறம்தான் விசாரிக்கவே ஆரம்பிச்சேன்."

மிஷின் நின்றது. மனைவி அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பாள் என்று நினைத்தார், அவள் சிரிக்கவில்லை.

"புரிஞ்சிருந்தா அப்புறம் எதுக்குங்க படிக்கணும்?"

மறுநாள் காலை அவளே அவரோடு பேருந்தில் ஏறினாள். வழியில் யாரிடமும் பேச்சுக் கொடுத்துவிடாதபடி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஆயத்தப் படிப்பில் பணம் கட்டும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

வகுப்பில் அவர்தான் மூத்தவர். முதல் தேர்வில் குப்புற விழுந்தார். இரண்டாவதில் மயிரிழையில் தப்பினார். பள்ளி முடித்துவிட்ட தன் மகள் படித்துக் கழித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, மகளிடமே திட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று திடீரெனப் புரிந்து, சட்டை போடாமலே வாசலுக்கு ஓடி வந்து பால்காரருக்கு விளக்கினார். பால்காரர் பாலைக் கொடுத்துவிட்டு நழுவினார். நம்மவர் தேறினார். பார்மசிப் பட்டப்படிப்பிலும் இடம் கிடைத்துவிட்டது. நான் கதைவிடவில்லை.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? கல்லூரியின் முதல் நாள், முதல் மணி அடிப்பதற்கு முன்பே பக்கத்து இருக்கைப் பையனிடம் குனிந்து கேட்டாராம்: "தம்பி, படிப்பு முடிஞ்சதும் ஆஸ்பத்திரிப் பக்கம் போறது நல்லதா, மருந்துக் கம்பெனிப் பக்கம் போறது நல்லதா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். உடம்பு இளைக்க நடக்கப்போவதாகச் சொல்லி, எந்த ஷூ நல்லது என்று போன வருடம் ஊரெல்லாம் விசாரித்தீர்களே, அந்த நடை எதுவரை வந்திருக்கிறது?