உத்தனப்பள்ளி மணியக்காரரின் நாடி

1950களில் ஓசூரில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை விழுங்கிய எவரும் ‘ஆராய்ச்சி’யின் கேள்விகளிலிருந்து தப்பியதே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு ஊர் வைத்த பெயர் அது. நான் அங்கே சீட்டு எழுதும் குமாஸ்தா. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்று சந்தேகம்.

சர்ப்பகந்தி வேரிலிருந்து செய்த மாத்திரை அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. கொதிப்பைக் குறைக்கும் என்றார் டாக்டர். “வேற என்னென்ன பண்ணும்?” என்பதுதான் ஆராய்ச்சியின் கவலை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார். “மூக்கடைக்குதா? கனவு வருதா? என்ன கனவு?” எல்லாம் நோட்டில் ஏறும். மாத்திரையே சாப்பிடாதவர்களையும் விடமாட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அவரைக் கண்டாலே ஒரு பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தாமல் விசில் ஊதிவிடுவார்.

உத்தனப்பள்ளி மணியக்காரர் கோபத்துக்குப் பேர்போனவர். அவருக்கும் அந்த மாத்திரைதான். சில வாரம் கழித்து அவர் மனைவி வந்து நின்றார்.

“ஏங்க கம்பவுண்டரே, எங்கூட்டுக்காரருக்கு என்னத்தக் குடுத்தீங்க? யாரையும் திட்டவே மாட்டேங்கறாரு. ராகிக் கொல்லையில மாடு பூந்துடுச்சு, மேயட்டும் பாவம்ங்கறாரு. எனக்குப் பயமா இருக்குதுங்க.”

நான் சிரித்துவிட்டேன். ஆராய்ச்சி சிரிக்கவில்லை.

“சாப்பிடறாரா?”

“அரைக் களிதாங்க. செவுத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்காரு.”

ஆராய்ச்சி டாக்டரிடம் ஓடினார். “கொதிப்பு இறங்கிடுச்சே, நல்லதுதானேய்யா?” என்றார் டாக்டர்.

“கொதிப்போட சேர்ந்து மனுஷனும் இறங்கிட்டாருங்க. வந்து பாருங்க. நான் சொல்றது தப்புன்னா இனிமே யாரையும் ஒரு கேள்வி கேக்கமாட்டேன்.”

ஊரே ஆசைப்பட்ட பந்தயம். டாக்டர் அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

மணியக்காரரின் நாடி நின்று நின்று யோசித்து அடித்தது. “எனக்கு எதுவுமே வேணாங்க” என்று அவர் அழுதபோது டாக்டர் முகம் மாறியது. மாத்திரையை நிறுத்தினார். வெளியே வந்ததும், “அந்த நோட்டைக் குடுய்யா” என்றார். ஒரு வாரம் திருப்பித் தரவில்லை. அதைப் படித்து இன்னும் இரண்டு பேருக்கு அளவைக் குறைத்தார்.

ஆராய்ச்சி விடாமல் சைக்கிளில் உத்தனப்பள்ளிக்குப் போய் மணியக்காரரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஆராய்ச்சி நாடி பார்க்கக் கை நீட்டியதுதான் தாமதம்.

“எவன்டா இவன், தெனம் வந்து கையப் புடிக்கறான்! நானென்ன கல்யாணப் பொண்ணா?” என்று எழுந்த மணியக்காரர், தமிழ் போதாமல் தெலுங்கில் நுழைந்து, கன்னடத்தில் மூச்சு வாங்கினார். சமையல்கட்டில் அவர் மனைவி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆராய்ச்சி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “திட்டுங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க!”

திரும்பும்போது என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஓசூர் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.