பொண்ணு பார்க்க வந்தவர்கள் படித்தது

எனக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. இது ஊரறிந்த சங்கதி. ஆனால் அதைக் கொட்டை எழுத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் கண்ணெதிரே நிரூபித்தவள் எங்கள் உறுவையாறு கிராமத்தில் நான் ஒருத்திதான்.

எல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்த ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரால் வந்தது. நான் காலேஜ் சேர்ந்த வருஷம், கரும்பு வெட்டு முடிந்த கையோடு டவுனுக்குப் போய்ச் சுமந்து வந்தார். "தனியா பொட்டியே கெடையாது, எல்லாம் உள்ளயே இருக்குது" என்று வருகிறவர்களையெல்லாம் ஹாலில் அதன் எதிரே உட்கார வைத்துக் காட்டுவார். (காபி அப்புறம்தான்.) வருஷம் போகப் போக, அது ஆன் ஆவதற்குள் உலையே கொதித்துவிடும் என்றாகிவிட்டது.

பிறகு எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்து, ஆபீஸ் லேப்டாப் வந்தது. அதன் திரையோ சிலேட்டளவு. அப்பாவின் செல்லத்தை மூலையில் போடவும் மனசில்லை. வைஃபை வழியாக லேப்டாப்போடு சேர்த்து அதை இரண்டாவது திரை ஆக்கினேன். அதன் கீபோர்டில் தட்டினாலும் லேப்டாப்பில் விழும்படி ஒரு டிக்கும் போட்டேன் (பெரிய மேதாவி!). அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ரிட்டையர் ஆயிட்டு மறுபடி வேலைக்குப் போவுது" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏம்பலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாள் நல்ல நாள், எனக்கோ வேலை நாள். மாப்பிள்ளைக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. என் பயமெல்லாம் ஒன்றுதான்: வேலையை விடச் சொல்வார்களோ? முன்னால் வந்த இரண்டு இடமும் அதில்தான் தட்டிப்போயின. இதுவும் போனால் அம்மா படுத்த படுக்கை ஆகிவிடுவாள்.

வாசலில் வேன் சத்தம் கேட்டதும் இரண்டாவது திரையை நிறுத்தப் பறந்தேன். அதற்கான பட்டியலைத் திறந்து மேல் அம்புக்குறியை இரண்டு தடவை தட்ட வேண்டும். பதற்றத்தில் ஒரு தடவைதான் தட்டினேன். அப்படித் தட்டினால் அது நிற்காது, லேப்டாப்பில் தெரிவதெல்லாம் அதிலும் அப்படியே தெரியும். மாறுகிற நொடியில் திரை இருண்டதா, நின்றுவிட்டது என்று நம்பி லேப்டாப்போடு அறைக்குள் ஓடினேன். அம்மா ஹால் கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள்.

உள்ளே புடவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, கூட வேலை பார்க்கும் கல்பனாவுக்கு வர்ணனை தட்ட ஆரம்பித்தேன். கதவிடுக்கில் சோபா மட்டும்தான் தெரிந்தது. "எம்பொண்ணு இதுலதான் வேலை செய்யுது" என்று அப்பா வழக்கம்போலத் துண்டை உருவியதை நான் பார்க்கவில்லை.

'மாப்ள சட்டைக்குப் போட்ட கஞ்சிய அவரும் குடிச்சிட்டாருபோல. அவ்ளோ வெறப்பு' என்று தட்டினேன்.

ஹாலில் மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டாராம்: "இன்னாபா அது, தானா எழுதிக்கினு போவுது? கண்ணாடி எடுத்தார மறந்துட்டேன். படி தம்பி."

மாப்பிள்ளை படித்தார். தன் கஞ்சியைத் தானே படித்தார். யாரோ எதையோ வாசிப்பது எனக்கும் லேசாகக் கேட்டது. மறுபடி ஜாதகம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

'அவங்க பெரியப்பா மிக்சர்ல முந்திரிய மட்டும் பொறுக்குறாருடி.'

அதையும் படித்திருக்கிறார், பாவி மனுஷன்.

கடைசியில் மனசு தாங்காமல் தட்டினேன்: 'எனக்கு இவர ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா வேலைய வுடச் சொன்னா மாட்டேன்னுடுவேன். அப்புறம் உக்காந்து அழுவேன்டி.'

என் இரண்டு கையும் மடியில் இருக்க, லேப்டாப்பில் தானாக எழுத்து ஓடியது. ஆங்கில எழுத்தில் தமிழ்: 'வேலைய வுட வேணாம்.' அது கல்பனாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

"எம்மா!" என்று அலறி ஹாலுக்குள் பாய்ந்தேன். கீபோர்டில் மாப்பிள்ளையின் கை. துண்டும் கையுமாக அப்பா. பெரியப்பா ஒரு முந்திரியைத் தட்டில் மெல்லத் திரும்ப வைத்தார். திரையில் கல்பனாவின் பதில் வந்து விழுந்தது: 'எவன்டி வேலைய வுடச் சொன்னது? கெளம்பி வரட்டுமா?'

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். "ஏம்மா, இத வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. எதுக்கு வுடணும்?"

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். கல்யாணச் சீரில் கட்டில் பீரோவுக்கு முன்னால் வண்டி ஏறியது அந்தக் கம்ப்யூட்டர்தான். அப்பா மடியில் வைத்துக்கொண்டே ஏம்பலம் வரை வந்தார். இப்போது அது ஆன் ஆக இரண்டு உலை கொதிக்கும். புதுசு வாங்கிக்கொள் என்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை.

பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, ஊசியில் நூல் கோக்கிறார். ஆனாலும் வீட்டுக்கு வந்தால் மிக்சர் தட்டோடு அதன் எதிரேதான் உட்காருவார். முந்திரியையெல்லாம் பொறுக்கி என் கையில் கொட்டிவிட்டு, என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

"எனுக்குக் கண்ணு தெரியலபா. உம்பொண்டாட்டி இன்னிக்கு இன்னா போட்டிருக்குது? படி தம்பி."