ஆறு டாக்டர்களும் ஓர் ஒருங்கிணைப்பாளரும்

ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். இவர் வேலை செய்யமாட்டார், வேலையைக் கெடுக்கவும் மாட்டார்; இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எல்லாரும் சேர்ந்து பேசிடலாம்" என்பார். எப்போது பேசுவது? அதற்குத்தான் ஒரு கூட்டம் வேண்டும்.

நான் சொல்லும் ஆசாமி குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்தார். பல நோய்கள் ஒன்றாய்ச் சேர்ந்த குழந்தைகளுக்கு ஆறு டாக்டர்கள் ஆறு அறைகளிலிருந்து மருந்து எழுதுகிறார்கள், அவர்களை இணைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அரசாங்கம் நிதி ஒதுக்கியது. அருமையான யோசனை. அந்த ஆளாக இவர் வந்து சேர்ந்ததுதான் கோளாறு. முதல் மாதம் வட்ட மேஜை வந்தது. இரண்டாம் மாதம் பெயர்ப்பலகை. மூன்றாம் மாதம், கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை வைப்பதா வியாழக்கிழமை வைப்பதா என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம்.

அப்போது ஒரு தையல்காரம்மா நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, வலிப்பு.

"சார், வலிப்பு டாக்டர் மருந்தைக் கூட்டினதிலேருந்து பத்து நாளா பொண்ணு கண்ணே திறக்க மாட்டேங்குறா. கிட்னி டாக்டருக்கு இது தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டுடலாம்மா. ஆறு டாக்டர்கிட்டயும் ஆளுக்கொரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

"நானே ஆறு பேரையும் பார்க்கணும்னா நீங்க எதுக்கு சார்?"

"ஒருங்கிணைக்கத்தான்."

அவள் கடிதத்துக்கு அலையவில்லை. நேரே சிறுநீரக டாக்டரின் அறைக்குப் போய் மருந்துச் சீட்டை நீட்டினாள். "வலிப்பு டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க டாக்டர். பேசி முடிக்கிற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்."

சீட்டைப் படித்த டாக்டரின் முகம் மாறியது. "இவ கிட்னி இந்த அளவைத் தாங்காதேம்மா" என்றபடி போனை எடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மருந்து பாதியாகக் குறைந்தது. நான்காம் நாள் குழந்தை விழித்து, அம்மாவின் கழுத்திலிருந்த அளவு நாடாவைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

ஆண்டறிக்கையில் இது "ஒருங்கிணைப்பின் வெற்றி" என்று வந்தது. நிதித்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி பாராட்ட வந்தார். தையல்காரம்மாவையும் அழைத்திருந்தார்கள்.

"இந்தத் திட்டத்தால உங்களுக்கு என்ன கிடைச்சதும்மா?"

"இன்னைக்கு இங்க உட்கார நாற்காலி கிடைச்சுது மேடம். போன் பண்ண ஒரு ஆள் கிடைச்சா நல்லாருக்கும்."

அதிகாரி சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். மறுவருட நிதியில் இரண்டு நர்சுகள் வந்தார்கள். காலை முழுவதும் டாக்டர்களுக்குப் போன் பண்ணுவதுதான் அவர்களுக்கு வேலை. நம்மவர்? பதவி உயர்வில், ஒருங்கிணைப்பாளர்களை ஒருங்கிணைக்கத் தலைமை அலுவலகம் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் தங்கை குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, "எது வேணும்னாலும் தயங்காம சொல்லு" என்று போனில் சொன்னீர்களே, பிறகு அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாளே, அது என்னவென்று ஞாபகம் இருக்கிறதா?