முன்னோட்டத்துக்கு நான் சேர்த்த சங்கு

குறைவாகப் பேசுகிறவர்களை இந்த உலகம் அறிவாளிகள் என்று எளிதில் நம்பிவிடுகிறது. அதனால் உலகத்துக்குப் பெரிய நட்டம் இல்லை. அந்த நம்பிக்கையை அவர்களே நம்பத் தொடங்கும்போதுதான் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து. நான் நம்பத் தொடங்கியது முதுகலைத் தமிழ் படிக்கையில், ஒரு வகுப்புக் கருத்தரங்கில்.

திரைப்பட முன்னோட்டங்களில் ஒலி எவ்வாறு பொருளை உண்டாக்குகிறது என்பது என் தலைப்பு. (இலக்கியத்துக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று பேராசிரியரும் கேட்டார்.) மூடிய கதவு ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினேன். நாகசுரம் ஒலித்தபோது உள்ளே கல்யாணம் நடந்தது. அதே கதவைத் தாழ்ந்த ரீங்காரத்தோடு காட்டியபோது உள்ளே யாரோ நமக்காகக் காத்திருந்தார்கள். ரீங்காரம் மெல்ல உயர்ந்தது, சட்டென்று அறுந்தது, ஒரு நொடி ஒன்றுமே இல்லை, பிறகு நெஞ்சில் விழுந்தது ஓர் அடி. கதவு கடைசிவரை திறக்கவே இல்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த தோழி எழுந்துபோய் எங்கள் வகுப்பறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள். என் தலை கனத்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்து வந்தது அக்காவின் கல்யாணம். நாங்கள் குரும்பலூர்க்காரர்கள். மாப்பிள்ளை வீடு அரியலூருக்கு அப்பால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய கிராமம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பாவைத் தவறுதலாக இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டோம். அந்த மனத்தாங்கல் ஆறவே இல்லை. "இன்னொரு கொற வந்துச்சுன்னா எழுந்து போயிடுவாங்க, பாத்து நடந்துக்கங்க" என்று அப்பா வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரவேற்பு மேடையில் மணமக்களின் முன்னோட்டக் காணொளி ஓடுவது இப்போதெல்லாம் தாலிக்கு அடுத்த கட்டாயம். உடையார்பாளையத்து முந்திரித் தோப்பில் படம் பிடித்தார்கள். அரக்குப் பட்டில் அக்கா தனியே நடக்கிறாள், நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள். வீடியோக்காரர் செல்வம் அதற்குப் புல்லாங்குழல் சேர்த்திருந்தார். பொருளற்ற புல்லாங்குழல்! ஒலியை நானே அமைத்துத் தருவதாகச் சொன்னேன்.

என்னிடம் ஒரு புதையல் இருந்தது. அப்பாவோடு மண்டபம் பார்க்கப் போன நண்பகலில், அரியலூர்ச் சாலையில் ஒருவர் சிவப்புக் கொடி காட்டி எங்கள் வேனை நிறுத்தினார். சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறார்களாம். அப்பா இருக்கையில் சாய்ந்து உறங்கிவிட்டார். தொலைவில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. நிலத்தின் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் எழுந்து, ஏறி, ஏறி, நின்றது. கருவேலங்காட்டில் ஒரு பறவையும் வாய் திறக்கவில்லை. அதன்பின் வந்த அதிர்வை முதலில் கேட்டது காது அல்ல, பாதம். வேறு எவளாக இருந்தாலும் அங்கே அஞ்சியிருப்பாள். நான் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பதிந்துகொண்டிருந்தேன்.

என் ஒலியோடு படத்தைப் பார்த்த செல்வம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏங்க, இது கல்யாண வீடியோங்க. இந்த சவுண்டுக்குப் பொண்ணு திரும்பிப் பாத்தா, மூஞ்சிய வுட்டுட்டு, காலு தரையில படுதான்னுல்ல பாக்கத் தோணுது?"

"அது பயம் அல்ல. எதிர்பார்ப்பு."

"தனியா ஒக்காந்து எடிட் பண்ண எனக்கு ரொம்ப எதிர்பார்ப்பா இருக்குங்க."

வரவேற்பு மாலை. மண்டபத்தின் வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், இடப்பக்கம் நாங்கள். விளக்குகள் அணைந்தன. ரீங்காரம் தொடங்கியதும் அழுதுகொண்டிருந்த குழந்தைகள் ஒருசேர நிறுத்தின. காகிதக் குவளைகளில் தண்ணீர் நடுங்கியது. திரையில் அக்கா, நிழல்களுக்கு நடுவே, எதையோ கேட்டவள்போல் நின்றாள். மேடையில் இருந்த நிஜ அக்கா தன் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு கலைஞருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சங்கு எழுந்தது.

வலப்பக்கம் முழுவதும் எழுந்து நின்றது.

யாரும் கத்தவில்லை. அதுதான் இன்றும் என் முதுகைச் சில்லிட வைக்கிறது. பட்டுப்புடவைகள், வேட்டிகள், இடுப்பில் குழந்தைகள். ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் பேசாமல், ஓடாமல், இடிக்காமல், அந்த இருட்டில் வாசலை நோக்கி வரிசையாக நடந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போகிற போக்கில் குத்துவிளக்கை அணைத்து, தரையில் படுக்கவைத்துவிட்டுப் போனார். சங்கு நின்ற அமைதியில் அவர்களுடைய செருப்புகளின் ஒலி மட்டும் கேட்டது.

"எழுந்து போயிட்டாங்கடா!" என்றார் சித்தப்பா. "பொண்ணு வூட்டுக்காரன்னா அவ்ளோ எளக்காரமா?"

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்ன கொற வெச்சோம்? மொதப் பந்தின்னுதானே சொல்லியிருந்தேன்..."

"கல்யாண வூட்டுல எவடி சங்கு ஊதுனது?" இது அத்தை.

அந்நேரம் பார்த்து மாப்பிள்ளை, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, மேடையிலிருந்து இறக்கி, வெளியே கூட்டிப்போனார். சித்தப்பா மடித்துக் கட்டிய வேட்டியோடு குழம்பி நின்றார். "சம்பந்தம் முறிஞ்சதுன்னா பொண்ண எதுக்குடா கூட்டிட்டுப் போறாங்க?"

பாதி காலியான மண்டபத்தில் வெடி வெடித்தது. மேடையில் ஒட்டியிருந்த தெர்மாகோல் அன்னம் கழன்று விழுந்தது. திரையில் அக்காவின் முகம் பெரிதாகி, கீழே நான் தேர்ந்தெடுத்த எழுத்துகள் மெல்லத் தோன்றின: 'அவள் வருகிறாள்.'

அப்பா கைகூப்பிக்கொண்டு வெளியே ஓடினார். திறந்தவெளியில் நின்றிருந்த சம்பந்தி அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"செவுத்தோரமா நிக்காதீங்க சம்பந்தி, இங்கிட்டு வாங்க. வெடி வெச்சிருக்காங்க."

"கோவமில்லீங்களா?"

"எதுக்குங்க கோவம்? சங்கு ஊதுனா வெளிய வந்துர்றதுதான். எங்க ஊர்ல ஒருக்கா வெடி அதிர்ச்சியில கூர ஓடு வுழுந்ததுலேருந்து பழக்கம். ஆனா சாயங்காலத்துல வெடிக்க மாட்டானுவளே, அதான் புரியல."

அப்பாவின் பின்னாலேயே வந்து நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "அது என்னுடைய ஒலி" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். ஒலியின் வலிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவளின் குரல், பக்கத்தில் நின்ற சித்தியைக்கூட எட்டவில்லை. உள்ளே போய் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"அனைவரும் உள்ளே வரவும். ஒலித்தது உண்மையான வெடி அன்று. பதிவு செய்யப்பட்ட ஒலி. இடையூறுக்கு வருந்துகிறோம்."

ரயில் நிலைய அறிவிப்பேதான். வெளியே முதலில் சிரித்தவர் அந்தப் பெரியப்பா. "யாரு, பொண்ணோட தங்கச்சியா? நம்மூரு வெடிய நமக்கே போட்டுக் காட்டுதாய்யா!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரிக்க, இரண்டாம் பந்தியின் கசப்பு அதோடு கரைந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவள் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மாப்பிள்ளை, அதை இன்னும் விடவில்லை.

மறுநாள் காலை தாலி ஏறியது. செல்வம் புல்லாங்குழலைத் திரும்பப் போட்டார்.

இப்போது அக்கா அந்த ஊரில் குடித்தனம் செய்கிறாள். நண்பகலில் அம்மாவும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டு அவளோடு பேசுகையில் சில நாள் பின்னணியில் சங்கு எழும். "இருடி" என்றபடி அவள் கைபேசியோடு முற்றத்துக்கு நடப்பது கேட்கும். பின்னாலேயே அவள் மாமியாரின் குரல்: "ஒன் தங்கச்சிகிட்டச் சொல்லு, இது நெசத்துக்கே ஊதுறது. மைக்க எடுக்க வேணாம்னு சொல்லு!" அந்த வீட்டில் யாருக்கும் இது அலுக்கவில்லை, நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

சங்கு நிற்கும். அந்தப் பக்கத்துப் பறவைகள் அடங்குவதுகூட எனக்குக் கேட்கும். அப்போதுதான் கவனிப்பேன்: எந்த வெடியும் எட்டாத குரும்பலூரில், எங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, சுவரிலிருந்து தள்ளி, வெயிலில் நின்றுகொண்டிருக்கிறேன். பக்கத்தில் அம்மா, கையில் கரண்டியோடு. எங்கள் இருவரையும் யாரும் வெளியே வரச் சொல்லவில்லை.